வெள்ளைக்குள் இருந்த நீலம்

(வியாசர்பாடியில் ஒரு ஞாயிறு மாலை, ஓவியம் பழகும் பிள்ளைகளும் அவர்களுடைய வீட்டாரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களை நினைத்துத்தான் பேச வந்திருக்கிறேன். பின்னால் நிற்கும் பெரியவர்கள், டீ வந்ததும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டேன்.

என்னைக் கூப்பிட்ட தம்பி போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அண்ணா, நீங்க ஏன் எப்பப் பாத்தாலும் புளூவுலயே வரையறீங்க? அதப் பத்திப் பேசுங்களேன்.” பழகிப்போன கேள்வி. கண்காட்சிக்கு வருகிறவர்கள் கேட்டால் கொடுப்பதற்கென்று ஒரு பதில் கைவசம் வைத்திருக்கிறேன். வானம், கடல், அமைதி என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது பொய். வியாசர்பாடியில் வளர்ந்தவனுக்கு வானம் கரன்ட் கம்பிகளுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். கடலோ, காசிமேட்டில் போய் நின்று பாருங்கள், நீலமா அது? படகு டீசல் மினுக்குகிற சாம்பல் பச்சை. எண்ணூர்ப் பக்கம் போனால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து அந்தப் பச்சையும் போய்விடும். வெளியூரில் அந்தப் பொய் செல்லும். சொந்தப் பேட்டையில் நின்றுகொண்டு சொன்னால் அடுத்த தெருவில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் இன்றைக்கு நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ‘நீலம்’ என்பது நிறத்தின் பெயரே கிடையாது. நிறத்துக்கு நாங்கள் ‘புளூ’ என்போம், பாட்டி ‘ஊதா’ என்பார். நீலம் என்றால் மளிகைக் கடையில் வாங்கி வருகிற சாமான். உப்பு, புளி, நீலம். சின்னப் பொட்டலத்தில் மாவு போலிருக்கும். அம்மா அதைத் துளி எடுத்து ஒரு கந்தைத் துணியில் முடிந்து வாளித் தண்ணீரில் ஆட்டுவார். தண்ணீருக்குள் ஒரு புகை கிளம்பும் பாருங்கள், அதுதான் நான் பார்த்த முதல் ஓவியம். முதலில் நூல் நூலாக இறங்கும், பிறகு மேகமாகச் சுருளும், அப்புறம் வாளி முழுக்க ஒரே நிறமாகிவிடும். அதில் என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை முக்கி எடுத்துப் பிழிந்து கொடியில் போடுவார். காய்ந்ததும் சட்டை பளீரென்று வெள்ளை. அந்த நீலம் எங்கே போனது என்று எனக்குப் புரியவே புரியாது. “அது உள்ளதான்டா இருக்குது” என்பார் அம்மா. அவசரத்தில் சரியாகக் கரைக்காமல் துணியைப் போட்டுவிட்டால் முதுகில் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு வகுப்பில் கேலிதான். நீலம் வெளியே தெரிந்தால் அவமானம், தெரியாமல் இருந்தால் வெள்ளை. இதுதான் எனக்குக் கிடைத்த முதல் நிறப்பாடம்.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பருத்தித் துணி துவைக்கத் துவைக்க லேசாக மஞ்சளிக்கும். மஞ்சளுக்கு எதிர்நிறம் நீலம். கொஞ்சம் நீலத்தைச் சேர்த்தால் மஞ்சள் அடங்கிப்போகும், கண் அதை வெள்ளை என்று படிக்கும். துணியில் இருந்த அழுக்கு போனதால் வருகிற வெள்ளை அல்ல அது. நீலம் மேலே வந்து உட்கார்ந்ததால் வருகிற வெள்ளை. சுவருக்கும் இதே வித்தைதான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு கரைத்த டின்னில் ஒரு பிடி நீலம் போடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? பாட்டிமார்கள் தலையாட்டுகிறார்கள். கை கொஞ்சம் கூடிப்போனால் வீடே வெளிர் ஊதாவாகிவிடும். அந்த வருஷம் முழுக்க வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்பார்கள்.

அந்தப் பொட்டலத்துக்குள் இருந்த மாவின் பூர்வீகத்தை நான் ரொம்பப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அதன் பெயர் அல்ட்ராமரைன். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லாசுலி என்ற கல்லை இடித்து, அரைத்து, கழுவித்தான் அதை எடுத்தார்கள். ஐரோப்பாவில் அதற்குத் தங்கத்தின் மதிப்பு. மேரி மாதாவின் மேலாடைக்கு என்று ஒதுக்கி வைத்து, எவ்வளவு பூச வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, ஓவியரிடம் கொடுப்பார்கள். பிறகு பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்து காட்டுகிறவருக்கு 6,000 பிராங்க் பரிசு அறிவித்தார்கள். 1828-இல் கிமே என்பவர் அந்தப் பரிசை வாங்கினார். களிமண், சோடா, கந்தகம் இவற்றைச் சேர்த்துச் சூளையில் சுட்டால் போதும், மலைக்குப் போக வேண்டியதில்லை. விலை சரிந்தது. மாதாவின் மேலாடையிலிருந்து இறங்கி வந்த நிறம் சலவைக்காரர்களின் வாளிக்கு வந்து சேர்ந்தது. என் அம்மா கந்தைத் துணியில் முடிந்து ஆட்டியது அதைத்தான்.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பிரான்சில் நீஸ் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே பிறந்தவர் ஈவ் கிளைன். பத்தொன்பது வயதில், 1947-இல், இரண்டு நண்பர்களோடு கடற்கரையில் படுத்துக்கொண்டு உலகத்தைப் பங்கு போட்டாராம். இவருக்கு வானம் வந்தது. மனதாலேயே அதில் கையெழுத்துப் போட்டு, இதுதான் என் முதல் ஓவியம் என்று சொல்லிவிட்டார். தன் வானத்தில் ஓட்டை போடுகிறதென்று பறவைகள் மேல் கோபம் வேறு! பிறகு ஒரே நீலத்தை மட்டும் பூசிய பலகைகளை மாட்டிக் கண்காட்சி வைத்தார். 1960-இல் அந்த நீலத்தின் கலவை முறையைத் தன் பெயரில் பதிவும் செய்துகொண்டார். இன்றைக்கு அந்தப் பலகைகள் உலகத்தின் பல மியூசியங்களில் இருக்கின்றன. ஒரே நிறத்தோடு வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் அவர் பெயர்தான் வரும். அவர் பயன்படுத்திய பொடியும் அதே செயற்கை அல்ட்ராமரைன்தான். அவர் அதை ஒரு பிசினில் குழைத்தார், அம்மா வாளியில் குழைத்தார்.

அவரை எனக்குப் பிடிக்கும். கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் வானத்தில் கையெழுத்துப் போடத் தோன்றுவதற்கு முதலில் மல்லாந்து படுக்க ஓர் இடம் வேண்டும். எங்களுக்கு ஒரு சுவர் போதும் என்றுதான் இருந்தது. அந்தச் சுவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம்ம பேட்டைக்குக் கிழக்கே வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்து கப்பல் கப்பலாகத் துணி ஏற்றிய காலத்தில், நெய்து வந்த பழுப்புத் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை. ‘வண்ணார்’ என்ற பெயரைக் கொஞ்சம் உதறிப் பாருங்கள், உள்ளே வண்ணம் இருக்கிறது. வெளுக்கிறவருக்கு வண்ணத்தின் பெயர்! ஏன் என்று பண்டிதர்கள் எதையாவது சொல்லட்டும், வாளியைப் பார்த்தவனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளையைச் செய்கிறவர் கையில்தான் நிறம் இருக்கும்.

மேற்கே பெரம்பூர்ப் பக்கம் பி அண்ட் சி மில். 1878-இல் தொடங்கிய பக்கிங்ஹாம் மில்லும் பிறகு வந்த கர்நாட்டிக் மில்லும் சேர்ந்தது. சாயம் போகாத காக்கிக்குப் பேர் போனது. இரண்டு உலகப் போரிலும் சிப்பாய்கள் போட்ட காக்கியில் இங்கே நெய்ததும் உண்டு. 1918-இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த மில் தொழிலாளர்களால்தான். 1921 வேலைநிறுத்தத்தில் சாதியின் பெயரால் தொழிலாளர்கள் பிளந்து புளியந்தோப்பு எரிந்ததும் இதே மில்லின் கதைதான். மேடையில் முன்னதை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மில்லை 1996-இல் மூடிவிட்டார்கள். இங்கே சாயம் தோய்த்த கைகளுக்குச் சொந்தமாக ஒரு நிறம் இருந்ததா என்பதுதான் என் கேள்வி. காக்கி நெய்தவர் வீட்டுக்கு அந்தக் காக்கி போலீசாகத்தான் திரும்பி வந்தது.

நீலமும் எங்கள் வீடுகளுக்கு அப்படித்தான் வந்தது, வேறு யாருடைய காரியமாகவோ. ரேஷன் மண்ணெண்ணெய் நீலமாக இருக்குமே, ஏன் தெரியுமா? அழகுக்காக இல்லை. மானிய எண்ணெயை வெளிச்சந்தையில் கலந்து விற்றால் கண்டுபிடிப்பதற்காகச் சாயம் போட்டார்கள். ஏழை வீட்டு அடுப்புக்குப் போகிறது என்பதற்கு அடையாளம். பம்பு ஸ்டவ்வை அடித்துக் கண் எரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எப். இன்னொன்று. 1955 அக்டோபர் 2-இல் நேரு திறந்து வைத்தார். நாடு முழுக்க ஓடிய ரயில் பெட்டிகள் பெரம்பூரிலிருந்து போயின. என் சின்ன வயதில் பெட்டியெல்லாம் அரக்குச் சிவப்பு. தொண்ணூறுகளில் ஒவ்வொன்றாக நீலத்துக்கு மாறின. என் சித்தப்பா ஒருவர் ஒப்பந்த ஆளாகப் பெயின்ட் வேலை பார்த்தவர். நகக்கண்ணில் ஊறிய நீலம் போக மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ப்பார், அதுவும் நீல மண்ணெண்ணெய். “ஜம்மு வரைக்கும் போவுதுடா நான் அடிச்ச பெயின்ட்டு” என்று சொல்வார். அவர் அரக்கோணத்தைத் தாண்டிப் போனது கிடையாது. அந்தப் பழைய மாதிரிப் பெட்டி செய்வதை 2018-இல் நிறுத்திவிட்டார்கள்.

சட்டையின் வெள்ளைக்கு அடியில், சுண்ணாம்புக்கு அடியில், அடுப்பின் வயிற்றில், அடுத்தவர் பயணத்தின் பக்கவாட்டில் என்று எல்லா இடத்திலும் நீலம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் உள்ளவர்களைப் போல.

இங்கே அவுரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயத்துக்கான நீலம் அந்தச் செடியிலிருந்து வருவது. திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் பயிரிடுகிறார்கள். தழையைத் தொட்டியில் ஊற வைப்பார்கள், புளித்து நாறும், கலக்கி அடித்து வண்டலை எடுத்துக் காயவைத்து வில்லையாக்குவார்கள். ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து போன அவுரித் துணிக்கு ஆப்பிரிக்காவில் ஏகக் கிராக்கி. பாண்டிச்சேரி நீலத்துணி செனகல் ஆற்றங்கரையில் காசு மாதிரியே புழங்கியது. அதே கடல் வணிகத்தில் துணியைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கியதும் நடந்தது. நம் கைச் சாயம் எங்கெங்கே போய் என்னென்ன பார்த்திருக்கிறது பாருங்கள். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை அவுரிச் சாயம் சந்தைக்கு வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

நான் சொல்ல வந்தது வியாபாரம் இல்லை. சாயத் தொட்டிக்குள் துணியை முக்கி எடுக்கும் வேலையை ஒரு தடவை நேரில் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் நீலமாக இல்லை, மஞ்சள் கலந்த பச்சை. வெளியே எடுத்த துணியும் அதே பச்சை. ஏமாந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்ட இடமெல்லாம் மெதுவாக நிறம் மாறத் தொடங்கியது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, என் கண் முன்னாலேயே. காற்றில் உள்ள ஆக்சிஜன் செய்கிற வேலை அது. தொட்டிக்குள் எத்தனை நாள் கிடந்தாலும் அது நீலமாகாது. அன்றைக்குச் சாயப்பட்டறைக்காரர் என்னிடம் ஒன்றும் தத்துவம் பேசவில்லை. “கைய உள்ள வுடாதீங்க சார், பத்து நாளைக்குப் போவாது” என்றார். விட்டேன். பத்து நாளைக்குப் போகவில்லை.

நம்ம ஊரில் நீலம் எப்போது வெளியே காற்றுக்கு வந்தது? 1942 ஜூலையில் நாகபுரியில் அம்பேத்கர் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதன் கொடி நீலம். அந்த அமைப்புக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் சென்னைக்காரர், என். சிவராஜ். பின்னாளில் இந்த நகரத்துக்கு மேயராகவும் இருந்தார். 1957-இல் குடியரசுக் கட்சி உருவானபோதும் நீலம்தான், தலைவரும் சிவராஜ்தான். அதற்கும் முன்னே போனால் 1885-இல் கொழும்பில் ஏற்றிய பௌத்தக் கொடியின் முதல் பட்டை நீலம். அயோத்திதாசர் பௌத்தத்தைத் தேடி இலங்கைக்குப் போய் வந்தது 1898-இல். பெரம்பூர்ப் பக்கம் அந்தப் பௌத்தம் வேர்பிடித்ததும் உங்களுக்குத் தெரியும். ஏன் நீலம் என்று கேட்டால் வானம் எல்லாருக்கும் பொது என்பதால் என்பார்கள், கடல் என்பார்கள். நான் அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். எனக்குத் தெரிந்த நீலம் வாளியில் இருந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகளே, இப்போது ஒரு புதிர். அம்பேத்கர் சிலை என்றால் என்ன நிறக் கோட்டு? நீலம், சத்தமாகவே சொல்லிவிட்டீர்கள். சரி, அவருடைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அந்தக் கோட்டு சாம்பலோ, கறுப்போ, பழுப்போ, படத்தில் தெரியாது. நீலம் போட்டோவிலிருந்து வரவில்லை. யாரோ ஒரு சுவர் ஓவியர், யாரோ ஒரு சிலைக் கொத்தனார், கையில் தூரிகையோடு நின்று இந்த இடத்துக்கு என்ன நிறம் என்று யோசித்தபோது அவர் கொடியிலிருந்து எடுத்துக் கோட்டில் பூசிவிட்டார். அடுத்தவர் அதைப் பார்த்துப் பூசினார். ஊர் ஊராக, பேர் தெரியாத கைகள். கலைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு உலகத்து ஓவியர்களை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தியாவில் இத்தனை பெரிய ஒற்றை நிற ஓவியத்தைச் சேர்ந்து வரைந்தவர்களைப் பற்றி ஒரு வகுப்பும் நடக்கவில்லை.

இதற்கு நேர் எதிரானதும் ஒன்று உண்டு. கிருஷ்ணன் என்றாலே கறுப்பன் என்றுதான் அர்த்தம். காலண்டரில் பாருங்கள், நீலம். கோவில்பட்டி கொண்டையராஜு காலத்திலிருந்து சிவகாசி அச்சில் வந்த சாமி படங்களில் எல்லாம் கறுப்புத் தோல் நீலமாகிவிட்டது. பழைய தமிழில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே பெரிய வேலி இல்லை என்று சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனாலும் என் மனசில் ஒரு சந்தேகம் உண்டு: சாமியைக் கறுப்பாகப் பூச ஏதோ ஒரு தூரிகை கூச்சப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் கறுப்பை மறைக்க வந்த நீலம், இன்னொரு பக்கம் மறைந்திருந்தவர்களைக் காட்ட வந்த நீலம். டப்பாவைத் திறந்தால் ஒரே பெயின்ட்.

சுவருக்கு வருகிறேன். பிளெக்ஸ் வருவதற்கு முன் நான் சுவர் எழுத்துக்காரரிடம் உதவியாளாக இருந்தேன். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே சுவர் பிடிக்கிற வேலை ஆரம்பிக்கும். ஒரு கட்சிக்காரர் வந்து சுண்ணாம்பு அடித்து மூலையில் கட்சிப் பெயரும் வருஷமும் எழுதி ‘ரிசர்வ்’ என்று போட்டுவிட்டால் அது அவர் சுவர். வீட்டுக்காரரை யாரும் கேட்பதில்லை. ஹவுசிங் போர்டு பிளாக்குகளின் பக்கவாட்டுச் சுவருக்குத்தான் அடிதடி. மூன்று மாடி உயரம், தெருமுனையிலிருந்தே தெரியும். அந்தச் சுண்ணாம்பு டின்னில் நீலம் போட்டுக் கரைப்பது என் வேலை. யார் சுவரைப் பிடித்தாலும் அடியில் இருந்தது நான் போட்ட நீலம்!

2014 செப்டம்பரில் ‘மெட்ராஸ்’ படம் வந்தது. கதை நடப்பது வியாசர்பாடியில், கதாநாயகன் என்று சொன்னால் ஒரு சுவர். சுவரில் யார் முகம் இருக்க வேண்டும் என்பதற்கு உயிர்கள் போகின்றன. முதல் நாள் பார்த்துவிட்டு வெளியே வந்து பேச முடியாமல் நின்றேன். என் தினக்கூலியை எடுத்துப் பெரிய திரையில் மாட்டியது போல இருந்தது. இயக்கிய பா. ரஞ்சித் நம் எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். அதனால்தான் சுவரைச் சுவராகப் பார்த்திருக்கிறார். நடிகர் கார்த்தி அந்தப் படத்தில் ‘தீண்டாத வசந்தம்’ நாவலைக் கையில் வைத்துப் படிப்பார். அதுவரை வடசென்னைக்காரன் கையில் சினிமா கொடுத்தது கத்தியைத்தான். வடசென்னை என்றாலே ரத்தச் சிவப்பு, புழுதிப் பழுப்பு, இருட்டு. நம்ம வீட்டுக்குள் இருந்த நிறத்தை அவர்கள் கண்டதில்லை.

பிறகு அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் நீலம். 2018 செப்டம்பரில் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்துக்குப் போய் உட்கார்ந்தால் திரையில் ‘நீலம்’ என்று எழுத்து வருகிறது. தியேட்டரே விசிலடிக்கிறது. எனக்கு மட்டும் அம்மாவின் வாளி ஞாபகம் வந்துவிட்டது. மளிகைச் சீட்டில் உப்புக்கும் புளிக்கும் அடுத்து எழுதின வார்த்தை! படத்தில் ஓர் இடத்தில் நாயகனான பையன் உடம்பெல்லாம் நீலம் பூசிக்கொண்டு வருவான். பள்ளிக்கூடச் சட்டையில் திட்டு விழுந்ததற்கே கூனிக்குறுகினவன் நான். இவன் முழுசாகப் பூசிக்கொண்டு நிற்கிறான்.

அதே வருஷம் வந்த ரஞ்சித்தின் ‘காலா’ படத்தின் கடைசியில் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று பொடி பறந்து திரையே நிறமாகும். பார்க்கப் பிரமாதம். இருந்தாலும் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், ரஞ்சித் கோபித்துக்கொள்ளட்டும். பொடி பறக்கும், கீழே விழும், கூட்டிவிடலாம். சுவர் அப்படி இல்லை. சுவரில் ஒருவன் நின்று, சாரத்தில் தொங்கி, வெயிலில் பூச வேண்டும். எனக்கு ‘மெட்ராஸ்’ சுவர்தான் பெரிது. இப்போது என்னிடம் படம் காட்ட வருகிற பையன்களில் பாதிப்பேர் எல்லாவற்றையும் நீலத்தில் குளிப்பாட்டிக் கொண்டு வருகிறார்கள். டப்பா நீலத்தைக் கவிழ்த்துவிட்டால் வியாசர்பாடி வந்துவிடாது. திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும், அம்மா சொன்ன மாதிரி. முதலில் தண்ணீரில் கரைக்க வேண்டும். முல்லை நகர் மைதானத்துப் பந்தாட்டத்தை வரைய நீலம் எதற்கு? அங்கே புழுதியின் நிறம் அத்தனை அழகு. கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நிற்பதை வரைந்தால் அதற்குக் கறுப்பிலேயே ஏழெட்டு வகை வேண்டியிருக்கும். கானா பாடுகிறவர்களுக்கு இந்த ஊர் சத்தமாகக் கிடைத்தது, எனக்கு இந்த நிறமாகக் கிடைத்தது. உங்களுக்கு என்னவாகக் கிடைக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

எனக்குப் பதினாறு வயது. ஏப்ரல் 13 ராத்திரி, விடிந்தால் அம்பேத்கர் ஜெயந்தி. சிலைக்குப் புது பெயின்ட் அடிக்க வேண்டும் என்று பேட்டையில் வசூல் செய்திருந்தார்கள். வசூல் முடியவே ராத்திரி பத்து மணி. சுவர் எழுத்து வாத்தியாரும் நானும் போனோம். சிலையைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு. சாவி வைத்திருந்தவர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதால் அவரைத் தேடிப் பிடித்துக் கூண்டைத் திறந்து உள்ளே நுழைந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. தெருவிளக்கு அந்தப் பழைய சோடியம் விளக்கு, மஞ்சள் வெளிச்சம். டப்பாவைத் திறந்தேன், உள்ளே கறுப்பு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று பதறிவிட்டேன். வாத்தியார் சிரித்தார். “லைட்டுடா. இந்த லைட்ல புளூ கறுப்பாத்தான் தெரியும். லேபிளைப் பாரு.” மஞ்சள் வெளிச்சத்தில் நீலத்துக்குத் திருப்பித் தர ஒன்றும் இல்லை, அதனால் கண்ணுக்குக் கறுப்பு. அப்படியே அடித்தோம். எங்கே பூசியிருக்கிறோம், எங்கே விட்டிருக்கிறோம் என்று கண்ணால் தெரியாது. கையால் தடவி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பூசினோம். தோள், மடிப்பு, பை, பொத்தான். நாலரை மணிக்கு வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

பக்கத்து பிளாக்கிலிருந்து பிள்ளைகள் எழுந்து வந்து கூண்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார்கள். மாலை கொண்டு வந்தவர்களும் நின்றார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. தெருவிளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் எல்லாமே சாம்பலாக இருந்தது. பிறகு தோளிலிருந்துதான் தொடங்கியது, மெதுவாக, அந்தச் சாயத் தொட்டித் துணியைப் போல. ஒரு சின்னப் பெண் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“அண்ணே, முழங்கையில வுட்டுட்டீங்க.”

வாத்தியார் பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார்.